தூக்குச்சட்டிக்குள் ஏழு வருஷம்

மாமியார் ஊரில் கடல் கிடையாது. அதனாலோ என்னவோ, கோவில்பட்டியில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் கடலைக் காவல் காப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்செந்தூர் பக்கத்து மணப்பாட்டில், மேட்டுக் கோயிலுக்குப் பின்பக்கம் ஆளில்லாத பாறையில் கால் வைத்த நிமிடமே போன்.

"மாப்ள, திருச்செந்தூர்ல கடல் உள்வாங்கிருச்சாம். நீங்க எங்க நிக்கீங்க?"

"உள்வாங்குன எடத்துலதான் அத்தை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "முருகா" என்று மட்டும் கேட்டது.

2004 சுனாமிக்கு அப்புறம் 'உள்வாங்கிருச்சு' என்ற வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி வந்தால் கடல் உள்வாங்குவதும், அது செய்தியில் ஓடுவதும் வழக்கம்தான். எங்கள் பக்கம் கடல் ஏறி இறங்கும் ஓதமே ஒரு மீட்டருக்குள். பாறை தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடப்பதால் தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே பாசிப் பாறை வெகுதூரத்துக்கு வெளியே தெரியும். இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். "பிள்ளையக் கையில பிடிச்சுக்கோங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பிள்ளை கையில் அகப்பட்டால்தானே. அவன் அதற்குள் மூன்றாவது குழியில் தலையை விட்டிருந்தான்.

பாறைக்குழியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருக்கும். பார்த்தவுடன் ஒன்றும் தெரியாது. நிழல் விழாமல் குனிந்து, பேசாமல் இரண்டு நிமிடம் இருந்தால் கல் என்று நினைத்தது நடக்கும். எங்கள் குடும்பத்தில் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தவர் யாரும் இல்லை என்பதால் முதல் மூன்று குழியும் வீண். நாலாவதில் ஒரு கடல்சாமந்தி, பழுப்பு நிறம், விரல்களை விரித்து வைத்திருந்தது. பையன் தொட்டதும் ஆச்சியின் சுருக்குப்பை மாதிரி மூடிக்கொண்டது. பக்கத்தில் ஒரு துறவி நண்டு, காலி சங்கு ஒன்றை உருட்டி உருட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குத் துறவி என்று பேர் வைத்தவர் வாடகை வீட்டில் இருந்தவராக இருக்க முடியாது. உடம்பு வளர வளர வீடு பார்ப்பதே அதற்கு வேலை. அட்வான்ஸ் பத்து மாசம் கிடையாது, ஆணி அடித்தால் வீட்டுக்காரர் படியேறி வருவது கிடையாது. நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பையன் காரியத்தை முடித்திருக்கிறான்.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினோம். மனைவி சுண்டல் கொண்டுவந்த தூக்குச்சட்டியைப் பையன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். காலிச் சட்டிக்கு எதற்கு இரண்டு கை என்று எனக்குத் தோன்றவில்லை. டீக்கடைப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போதுதான், "அப்பா, உள்ள வெள்ளரிக்கா நெளியுது" என்றான்.

மூடியைத் திறந்தேன். கருப்பாக, ஒரு முழ நீளத்துக்குக் கடல் அட்டை. பயத்தில் பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூலைக் கக்கி, சட்டி முழுக்கச் சேமியா மாதிரி ஒட்டிவைத்திருந்தது.

கடல் அட்டையைப் பிடிக்க 2001-லிருந்து தடை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் பட்டியலில் இதுவும் இருக்கிறது. மாட்டினால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். தூத்துக்குடிக்காரனுக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டாம், அந்த போட்டோவைப் பேப்பரில் எத்தனை தடவை பார்த்திருப்போம். முன்னால் மூட்டை மூட்டையாக அட்டை, பின்னால் போலீசார், நடுவில் குத்துக்காலிட்டு ஒரு ஆள். மூட்டை இருந்த இடத்தில் எங்கள் தூக்குச்சட்டி எனக்குத் தெரிந்தது. அதன் வயிற்றில் மாமனார் பெயரும் ஊரும் கல்யாணத் தேதியும் பொறித்திருக்கிறது. விசாரணை நேராகக் கோவில்பட்டிக்குத்தான் போகும்.

"என்ன சார் அது?" என்றார் ஒருவர், சும்மாதான்.

"சுண்டல்."

"சுண்டல்ல தண்ணி சொட்டுதே சார்."

"நல்லா வேக வச்சது" என்றாள் மனைவி. பதினாலு வருஷ தாம்பத்தியத்தில் அவள் எனக்காகச் சொன்ன முதல் பொய்.

திரும்பி நடந்தோம். செல்போன் வெளிச்சத்தில் பாசி வழுக்க, அதே குழிதானா என்று பையனிடம் நாலு தடவை கேட்டு, சட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தேன். அது அவசரமே படவில்லை. ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் நீண்டு, பாறை இடுக்குக்குள் மெதுவாக நுழைந்தது. என் கையில் ஒட்டிய நூல் மட்டும் சோப்பு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதற்கும் போகவில்லை. தூக்குச்சட்டி இன்னும் மொட்டைமாடியில் வெயில் காய்கிறது. மாமியார் அடுத்த வாரம் வருகிறார்.

ராத்திரி தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்பா, அந்த நூல் அதுக்கு மறுபடியும் வளருமா?"

"வளரும்ல. கொஞ்ச வாரம் ஆகும்."

புரண்டு படுத்தான்.

"அதுவரைக்கும் யாராவது பிடிக்க வந்தா அது என்ன பண்ணும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். லைட்டை அணைத்தேன்.