சுரங்கத்தின் மண் எங்கே போனது?

உண்மையில் நடந்த கொள்ளைகளைத் தழுவி எழுதப்படும் கதைகளில் என்னைக் கட்டிப்போடுவது வேலையின் நுணுக்கமே. 2005ஆம் ஆண்டு பிரேசிலின் போர்த்தலேசா நகரில், புல்லும் செடியும் விற்கும் கடை என்ற பெயரில் ஒரு வீட்டை எடுத்தவர்கள், அங்கிருந்து மத்திய வங்கியின் பெட்டக அறைவரை ஏறத்தாழ 80 மீற்றர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி, 16 கோடி ரியாலுக்கும் அதிகமான பணத்தை ஒரு வார இறுதியில் கொண்டுசென்றார்கள். பதுங்குகுழி வெட்டிப் பழகிய வன்னி வாசகர் முதலில் கேட்பது, வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கடைதான் அதற்கு விடை. செடி விற்கும் இடத்திலிருந்து வண்டி வண்டியாக மண் போவதை அயலவர் எவரும் சந்தேகிக்கவில்லை. இத்தகைய விடையைக் கற்பனை மட்டும் தந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால், 1963இல் இங்கிலாந்தில் அஞ்சல் ரயிலை மறித்து 26 இலட்சம் பவுணைக் கொள்ளையிட்டபோது தலையில் தாக்கப்பட்ட சாரதி ஜாக் மில்ஸ், அதன்பின் முழுமையாக நலம் பெறவேயில்லை. கொள்ளையரின் துணிச்சலை வியக்கும் கதைகள் அவரை விரைவாகக் கடந்துவிடுவது எனக்கு வலிக்கிறது. அடைவு வைத்த தாலிக்கொடியை மீட்பதற்காக அறுவடைவரை காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் மண்ணிலிருந்து ஒருவர் இவ்வகை நாவலை எழுதினால், பெட்டகத்தில் இருந்த நகை யாருடையது என்பதிலிருந்தே தொடங்குவார் என்று நம்புகிறேன். அந்த நாவலுக்காகவே ஆவலோடு காத்திருக்கிறேன்.