நேப்பியர் பாலம்: தனியாக நடக்கும் பெண்களுக்கு

சென்னையில் மெரினாவையும் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கத்தையும் இணைத்துக் கூவம் ஆற்றின் மேல் நிற்கும் இந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "நேப்பியர் பிரிட்ஜில் தனியா நடக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்தப் பாலத்தைப் பற்றி அல்ல, அதன் இரு முனைகளைப் பற்றி. எந்த முனையில் ஆரம்பிப்பது, எந்தப் பக்க நடைபாதை, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சரியாக வைத்துக்கொண்டால் தாராளமாக நடக்கலாம்.

மெரினா பக்கம் ஆரம்பித்துக் கோட்டைப் பக்கம் முடிப்பது நல்லது. கடலோர நடைபாதையில், அதாவது கிழக்குப் பக்கம் நடங்கள். காரணம் எளியது. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஆகவே கோட்டையிலிருந்து மெரினாவுக்கு வரும் வண்டிகள் கடலோரப் பாதையில் வரும். நீங்கள் வடக்கு நோக்கி அந்தப் பக்கம் நடந்தால் எல்லா வண்டியும் உங்கள் கண்ணெதிரே வரும், பின்னால் வந்து உரசுகிற பைக் இருக்காது. சங்கிலி பறிப்பவர்களும் போனைத் தட்டிப் பறிப்பவர்களும் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வருவார்கள். எதிரே வருகிற வண்டி வேகத்தைக் குறைத்தால் உடனே தெரிந்துவிடும். மேற்குப் பக்க நடைபாதையில் இன்னொரு தொந்தரவும் உண்டு. தெற்கு முனையில் சிவானந்தா சாலையும் வடக்கே கொடிமரச் சாலையும் அந்தப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. இடப்பக்கம் திரும்புகிற வண்டிகள் நடப்பவருக்காக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போய்ச் சேரும் வழி. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியாகச் சேப்பாக்கம் ஸ்டேடியத்தைத் தாண்டினால் உழைப்பாளர் சிலை. நடக்கச் சோம்பலாக இருந்தால் ஆட்டோ. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையம் இன்னும் பக்கம். ஆனால் அந்த நிலையங்கள் பெரியவை, நெரிசல் நேரம் தவிர ஆள் குறைவு. விடியற்காலையிலோ இரவிலோ தனியாக வருபவர்களுக்கு மெட்ரோ அல்லது பஸ்தான் என் பரிந்துரை. அண்ணா சதுக்கத்தில் முடியும் பேருந்துகள் பாலத்தின் காலடிக்கே கொண்டுவந்து விடும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். முகப்பில் பிங்க் வண்ணம் அடித்த வண்டிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். டீலக்ஸ், ஏசி வண்டிகளில் இது செல்லாது.

உழைப்பாளர் சிலை சிக்னலில் காமராஜர் சாலையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போய்விடுங்கள். சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை கண்ணில் பட்டாலும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இறங்க வேண்டாம், சிக்னலே மேல். அங்கிருந்து வடக்கே அண்ணா, எம்.ஜி.ஆர். நினைவிடங்களைத் தாண்டும் வரை கூட்டத்துக்குக் குறைவில்லை: சுண்டல், பஜ்ஜி, பொம்மைக் கடை, டூரிஸ்ட் பஸ். தண்ணீர் பாட்டில் வாங்குவது, கழிப்பறைக்குப் போவது எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பாலத்தில் எதுவும் இல்லை, தாண்டிய பிறகு சாலையோரத்தில் நினைத்த இடத்தில் கிடைக்கவும் கிடைக்காது. எதிர்ப்பக்கம் தெரியும் சிவப்புக் கட்டடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் கட்டியது. இந்த ஓரத்திலிருந்து பார்த்தாலே அதன் முழு உருவம் கண்ணில் நிற்கும், அதற்காகச் சாலையைக் கடந்து போக வேண்டாம்.

இனி பாலம். 1869-ல் ஆளுநர் பிரான்சிஸ் நேப்பியர் காலத்தில் கட்டியது. அன்றைக்கு இரும்புப் பாலம். இன்று பார்க்கிற கான்கிரீட் வளைவுகள் 1940-களில் வந்தவை. போக்குவரத்து பெருகியதும் 1999-ல் அதே சாயலில் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினார்கள். வில்லும் நாணும் போல என்று சொல்வது வெறும் உவமை இல்லை: வளைவு இரு பக்கமும் விரியப் பார்க்கும், சாலைத் தளம் நாண் மாதிரி அதை இழுத்துப் பிடித்திருக்கும், நடுவே நிற்கும் கம்பங்கள் தளத்தை வளைவிலிருந்து தொங்கவிடும். கனமான பஸ் போகும்போது காலடியில் லேசான நடுக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 2022-ல் செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்துப் படம் எடுத்து உலகம் முழுக்கக் காட்டியது இதே பாலத்தைத்தான்.

பை எப்போதும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம். வடக்கே போகும்போது வலத் தோளில், திரும்பி வந்தால் இடத் தோளில். குறுக்கே மாட்டுகிற பை இன்னும் நல்லது. துப்பட்டாவைப் பின் குத்துங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் அது கம்பத்திலும் மாட்டும், ஆள் முகத்திலும் அடிக்கும். இரண்டு காதிலும் இயர்போன் கூடாது. செல்ஃபிக்குக் கையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டாதீர்கள். போன் கூவத்தில் விழுந்தால் விழுந்ததுதான், அதில் இறங்கித் தேட ஆள் கிடைக்கமாட்டார்.

நாற்றம் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். அது நாள்தோறும் ஒரே மாதிரி இருப்பதில்லை. துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே அலை இழுத்துப் போகும் மணல் தடுக்கப்பட்டு மெரினா பக்கம் சேர ஆரம்பித்தது. மெரினா இவ்வளவு அகலமானதே அதனால்தான். பாலம் கட்டிய காலத்தில் கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. வாய் அடைந்தால் கடல்நீர் உள்ளே வராது, தண்ணீர் தேங்கும், அடிச்சேறு காற்றில்லாமல் அழுகி முட்டை நாற்றம் எழும். கோடையில், நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் வேளையில், மோசம். வடகிழக்குப் பருவமழையில் ஆறு புரண்டு முகத்துவாரம் திறந்துகொண்டால் பெரிதும் குறையும். காலையில் தரைக்காற்று ஆற்றின் நெடியைப் பாலத்தின் மேலேயே தள்ளும், ஒரு கைக்குட்டை போதும். முகத்துவார மணலில் இறங்கிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், மணல் திடமாகத் தெரிந்தாலும் அடியில் சேறு, அலையும் இழுக்கும்.

நேரம் என்று கேட்டால் வாரநாள் காலை. சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40-ஐ ஒட்டி உதிக்கும், ஜனவரியில் 6.35 ஆகிவிடும். உதிக்கும் முன் இருட்டில் பாலத்துக்குப் போய் நிற்காமல், நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைந்த மெரினாவில் காத்திருந்து வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். மாலையில் 5 மணிக்கு மேல் மேற்கே தீவுத்திடல் பக்கம் சூரியன் இறங்குவதும் அழகு. விளக்கு போட்ட பாலத்தைப் பார்க்க வேண்டுமா? அண்ணா சதுக்கப் பக்கம் நின்று பாருங்கள், பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். இருட்டிய பிறகு வடக்கு முனையைத் தாண்ட வேண்டாம்.

ஏனென்றால் பாலம் முடிந்து போர் நினைவுச்சின்னம் வரும் வரை கடை கிடையாது, வீடு கிடையாது, நீண்ட சுவரும் வேகமாகப் போகும் வண்டியும்தான். இங்கே நிற்காமல் நடங்கள். ஞாயிறு பத்திரமான நாள் என்று பலர் நினைக்கிறார்கள். மெரினாவுக்கு அது சரி. கோட்டைப் பக்கம் தலைமைச் செயலகம் விடுமுறை, பாரிமுனைக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், சாலையே வெறிச்சென்று கிடக்கும். வாரநாளில் அலுவலக நேரத்தில் ராஜாஜி சாலையில் ஆளும் போலீசும் எப்போதும் உண்டு. காணும் பொங்கல் அன்று இந்தப் பக்கமே வராதீர்கள். நெரிசலில் தனியாக மாட்டிக்கொள்வதுதான் மிச்சம். குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் ஒத்திகைக்காகக் காலையில் காமராஜர் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள்.

கேமராவைக் கடல், ஆறு, வளைவு ஆகியவற்றின் மேல் வையுங்கள். சுற்றிலும் ராணுவ, கடற்படை வளாகங்கள் இருக்கின்றன, அவற்றின் வாசலையும் காவலரையும் எடுத்தால் கேள்வி வரும். டிரோன் நினைப்பே வேண்டாம்.

போர் நினைவுச்சின்னத்திலிருந்து இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால் கோட்டை. உள்ளே நுழைய பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திரும்புவதற்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ இருக்கிறது, ஆனால் கொஞ்சம் தூரம் நடை. வெயிலில் அதைச் செய்ய வேண்டாம், ராஜாஜி சாலையிலேயே பஸ் கிடைக்கும்.

ஆபத்துக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181. யாராவது பின்தொடர்வது போலிருந்தால் பாலத்தின் நடுவில் நின்று போன் செய்யாதீர்கள். எந்த முனை பக்கமோ அதை நோக்கி நடந்துகொண்டே பேசுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் "நேப்பியர் பாலம்" என்பதோடு நிறுத்தாமல், அண்ணா சதுக்கப் பக்கமா போர் நினைவுச்சின்னப் பக்கமா, கடலோரமா எதிர்ப்பக்கமா என்றும் சொல்லுங்கள். நடுவே தடுப்பு இருப்பதால் தவறான பக்கம் வந்த ரோந்து வண்டி சுற்றிக்கொண்டுதான் உங்களிடம் வர வேண்டியிருக்கும்.