எட்டுப் பரல் மிதவை: ஒரு பரல் மட்டும் தண்ணீர் குடித்தது ஏன்?

எட்டுப் பிளாஸ்ரிக் பரல்களின் (பீப்பாய்களின்) மேல் தளம் போட்ட மிதவையைத் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம் குடாவில் இறக்கி ஓர் இரவு கட்டி வைத்ததில், அதன் பின்பக்க இடது மூலை ஒன்றேகால் செ.மீ. தாழ்ந்திருந்தது. நான்கு மூலைகளிலும் பெயின்றால் அளவுக்கோடு போட்டிருந்ததால்தான் பிடிபட்டது. அந்தப் பரலைக் கழற்றிக் கவிழ்த்து அளந்தால் 11 லீற்றர் உப்புநீர். பரலில் ஓட்டையோ வெடிப்போ இல்லை. நீர் வந்தது திருகு மூடி வழியாக.

தெரிந்தவர்களுக்கு அளவுகள் போதும். 220 லீற்றர் நீலப் பரல் எட்டு, வரிசைக்கு நான்காக. வரிசைகளின் நடுவுக்கு நடு 1.8 மீற்றர். சட்டம் 50×50×2 மி.மீ. கல்வனைஸ் பெட்டிக்குழாய், தளம் 12 மி.மீ. மரைன் பிளைவூட். பரல், சட்டம், தளம், 8 குதிரைவலு இஞ்சின், நங்கூரம், கைப்பிடிக் கம்பி எல்லாம் சேர்த்து 322 கிலோ. கடல்நீர் லீற்றருக்கு 1.025 கிலோ. ஆக ஆளில்லாமல் ஒவ்வொரு பரலும் 39 லீற்றர் நீரை ஒதுக்கினால் போதும்; 58 செ.மீ. விட்டத்தில் ஏறத்தாழ 13.5 செ.மீ. மட்டும் நீருக்குள் நிற்கும்.

இப்போது மூடிக்கு வருவோம். பரலின் முகத்தில் இரண்டு மூடிகள் எதிரெதிர் விளிம்பில் இருக்கும். பரலைப் படுக்க வைக்கும்போது அவை 3 மணி, 9 மணி நிலையில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் பாதிப் பரல் அமிழும்வரை இரண்டுமே நீருக்கு மேலேதான். ஏழு பரல்கள் அப்படித்தான் நின்றன. எட்டாவது, சட்டத்தோடு கட்டும் பெல்ட்டை இறுக்கும்போது கால் சுற்று உருண்டுவிட்டது. ஒரு மூடி 12 மணியில், மற்றது 6 மணியில், நீருக்கு ஆறேழு செ.மீ. கீழே. சட்டம் மேலே வந்தபிறகு பக்கவாட்டிலிருந்து இது தெரியாது. இனி பெல்ட் போடுமுன் ஒவ்வொரு பரலின் உச்சியிலும் சோக்கால் ஒரு கோடு, இறுக்கியபின் அந்தக் கோட்டைத் திரும்பப் பார்ப்பது.

ஆறேழு செ.மீ. நீரின் அழுத்தம் மட்டும் 11 லீற்றரை உள்ளே தள்ளாது. மூடிகள் நண்பகல் வெயிலில் இறுக்கப்பட்டன; கறுத்த நீலப் பிளாஸ்ரிக்குக்குள் காற்று 45 பாகை. குடாவின் நீர் 28 பாகை. அடைபட்ட காற்று அந்த அளவு குளிர்ந்தால் அதன் அழுத்தம் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கும். அது 54 செ.மீ. நீர்த்தூணுக்குச் சமம், மூடியின்மேல் நின்ற நீரைப்போல் எட்டு மடங்கு. பரல் உறிஞ்சியிருக்கிறது! 220 லீற்றரில் 5.3 சதவீதம் 12 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. வாளியில் வந்தது 11. மற்ற ஏழும் உறிஞ்சியிருக்கும், ஆனால் காற்றை.

ஆகவே மூடியை விடியற்காலையில், நிழலில், பரல் முழுக்க ஆறியபின் இறுக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் காற்று நீரைவிடச் சூடாக இராது.

நீர்க்குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை நம்பவேண்டாம். இந்த மூடியின் புரி அகலமானது, அடைப்பு புரியில் நடப்பதே இல்லை. தோளில் உட்காரும் றப்பர் வாசரில் நடக்கிறது. பழைய பரல்களில் அந்த வாசர் காய்ந்து கல்லாகியிருக்கும். சிலிக்கன் பசையும் வீண்: பொலித்தீன் இனப் பிளாஸ்ரிக்கில் அது ஒட்டாது, நகத்தால் தோலாக உரிந்து வரும். எப்பொக்சிக்கும் அதே கதி. லொறி ரியூப்பில் வட்டமாக வெட்டிய வாசர் வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு: இருபுறமும் சிலிக்கன் கிறீஸ் தடவ வேண்டும். தடவாவிட்டால் திருகும்போது மூடியோடு சேர்ந்து இழுபட்டு ஓரிடத்தில் மடியும். அந்த மடிப்புத்தான் கசிவு.

சோதிக்க, பழைய மூடி ஒன்றில் 11.5 மி.மீ. துளையிட்டு ரியூப்லெஸ் வால்வு போட்டு, சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்து, மற்ற மூடியில் சவர்க்கார நுரை. அழுத்தத்தை அளக்க ரயர் மானி உதவாது, இவ்வளவு குறைவில் அதன் முள் அசையாது. தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை யூ வடிவில் வளைத்து நீர் ஊற்றி, ஒரு முனையைப் பரலோடு இணையுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 60 செ.மீ. வந்ததும் பம்பை நிறுத்துங்கள். கொம்பிரசரைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. 2 பி.எஸ்.ஐ.யிலேயே (சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல்) பரலின் தட்டை முகத்தை 370 கிலோ உள்ளிருந்து தள்ளும்.

பரல் வாங்குகிறவர்களுக்கு: உணவுப்பொருள் வந்த பரலாகப் பாருங்கள், மோந்து பார்த்து வாங்குங்கள். கரைப்பான் வாசம் இருந்தால் வெட்டவோ சூடாக்கி ஒட்டவோ வேண்டாம், உள்ளே மிஞ்சிய ஆவி தீப்பிடிக்கும்.

ஆள் கணக்கை எல்லோரும் தவறாகப் போடுகிறார்கள். எட்டுப் பரலும் முழுக்க அமிழ்ந்தால் 1,804 கிலோ தாங்கும். பத்துப் பேர் ஏறினால் மொத்தம் 1,072 கிலோ; பரவி நின்றால் ஆறு பங்கில் நான்குகூட ஆகாது. அந்தப் பத்துப் பேரும் ஒரு மீன் துள்ளியதைப் பார்க்க ஒரு பக்கம், நடுவிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போனால், அந்த வரிசைக்கு 953 கிலோ. வரிசை தாங்குவது 902. கவிழும். உருண்டைப் பரலில் இன்னொரு தொல்லை: பாதியைத் தாண்டினால் நீர்மட்டத்தில் அகலம் குறுகும். பாதி அமிழ்வில் மிதவை முழுதும் 1 செ.மீ. தாழ 40 கிலோ தேவை. விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமிழ்ந்தபின் 24 கிலோ போதும். கடைசிப் பகுதி வேகமாகப் போய்விடும். இந்த மிதவைக்கு நான்கு பேர், மிதப்பு அங்கி போட்டு. நால்வரும் ஓரத்தில் நின்றாலும் தாழ்ந்த வரிசை பாதியைச் சற்றுத்தான் தாண்டும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளையும் இழந்த ஊர்ப்பக்கம் இது. ‘இன்னும் ஒராள் ஏறலாம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கொட்டியாரக் குடாவில் மாரியில் மகாவலி வெள்ளம் கலந்து நீர் உப்புக் குறைந்தால் மிதவை தாழுமா? நன்னீரிலேகூட இரண்டிலிருந்து நான்கு மி.மீ.தான் தாழும். அலைதான் பிரச்சினை, நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலைத் தீவுக்கு இதில் போகக் கூடாது.

அடுத்ததாக முன்பரல் இரண்டுக்கும் அலுமினியத் தகட்டில் கூம்பு மூக்கு. தட்டை முகம் நீரை முட்டித் தள்ளுவதில் இஞ்சினின் வலு வீணாகிறது. தகட்டைச் சட்டத்தோடு போல்ற் போடுவதா, பரலில் பட்டி கட்டுவதா என்று முடிவாகவில்லை. பரலில் துளையிடுவது மட்டும் கிடையாது. அதற்கு முன் மூடி வேலை முடியவேண்டும். 16 மூடிகளில் 14 நுரைச் சோதனையில் தேறிவிட்டன. மீதி இரண்டின் தோளிலும் கீறல் இருக்கிறது. மெல்லிய மணற்தாள் போட்டு, புது வாசரோடு இன்னொரு விடியற்காலை பார்க்கவேண்டும்.