குண்டு எழுத்தை போர்டில் ஏற்றும் முன்

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி, மீன் கடை, தெரு ஃபுட்பால் டோர்னமென்ட் பேனர். வடசென்னையில் இதற்கெல்லாம் கையால் வரைந்த மாதிரி குண்டு ஃபான்ட் அமர்க்களமாகப் பொருந்தும். ஆனால் தமிழைக் கண்டபடி தடிமனாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ இரண்டும் ஒரே கறுப்புத் திட்டுதான்.

எந்த ஃபான்டாக இருந்தாலும் மூன்றே சொற்களை அடித்துப் பாருங்கள்: வண்ணாரப்பேட்டை, கொடுங்கையூர், மீன் குழம்பு. முதலாவதில் ‘ண்ணா’ நெருக்கியடிக்கும், மூன்று புள்ளிகள் வரும். இரண்டாவதில் கொம்பு, கால், ‘டு’, ‘யூ’ எல்லாமே மாட்டும். ‘ழு’வின் வால் அடுத்த எழுத்தை இடிக்கிறதா என்று மூன்றாவது காட்டிவிடும். கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் பாலூ தம்பி 2, காய்னி இரண்டும் இலவசம், கடைக்கும் பயன்படுத்தலாம். பாலூவில் 400 முதல் 800 வரை தடிமன் உண்டு. சின்ன போர்டுக்கு 800 வேண்டாம், 600 போதும்.

பழைய போட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறி நின்றால் ஃபான்டைத் திட்டாதீர்கள். தெற்காசிய மொழிகளுக்கான டைப் அமைப்பை மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

ஃப்ளெக்ஸ் கடைக்கு ஃபைல் அனுப்பும்போது கோரல்ட்ரா மென்பொருளில் கன்ட்ரோல் கியூ அடித்து கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இருக்காது, வேறு ஏதோ ஒன்று வந்து உட்காரும். கர்வ் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் ஒரு நகல் தனியாக இருக்கட்டும். எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன் போட்டால் ‘பிஹைண்ட் ஃபில்’ (கோடு எழுத்துக்குப் பின்னால் போவது) டிக் அவசியம்; அதை விட்டால் கோட்டின் பாதி உள்பக்கம் ஏறி சுழியைத் தின்றுவிடும். பல பேனர்கள் பாழாவது இங்கேதான்.

வினைல் ஸ்டிக்கர் வேறு கதை. கை எழுத்து ஃபான்டுகளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ப்ளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) அந்த உள்கோடுகளையும் வெட்டிவிடும். முதலில் வெல்ட் செய்து எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணையுங்கள். ஜெர்சியில் சூடு வைத்து ஒட்டும் ஹீட் வினைல் என்றால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்ட வேண்டும். சுழிக்குள் இருக்கும் துணுக்கை உரிப்பதுதான் பெரிய பாடு, அதற்காகவே சுழி திறந்த ஃபான்டைத் தேடலாம்.

எல்.இ.டி. எழுத்தில் புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டு. தனி மாட்யூல் (விளக்குத் துண்டு), தனி ஒயர் துளை, அதற்கேற்ற கூலி. வளையப் புள்ளியை விட்டு நிறைந்த வட்டமாகப் போடச் சொல்லுங்கள்.

அளவுக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. சுழிகள் இருப்பதால் தமிழுக்கு ஒன்றரை மடங்கு வைப்பது நல்லது. இரண்டு வரி வந்தால் வரி இடைவெளி ஃபான்ட் அளவில் 1.3 மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மேல்வரி ‘யூ’வின் கீழ்ப்பகுதியும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். கடைப்பெயரும் ஒரு அயிட்டமும் மட்டும் குண்டு எழுத்தில் இருக்கட்டும். முகவரி, போன் நம்பர், விலைப்பட்டியல் எல்லாம் சாதா ஃபான்டில்.