அறிக்கையில் எழுதிய ஒரு சொல்

“அப்போ இத்தனை வருஷமா ஆபத்தான லிஃப்ட்லதான் நான் ஜனங்களை ஏத்தி அனுப்பிக்கிட்டிருந்தேனா, தம்பி?”

மெஷின் ரூமில் நின்றபடி அந்த மூத்த மெக்கானிக் கேட்டார். அந்தக் கட்டடத்தின் பழைய லிஃப்ட்டைப் புதுப்பிக்கக் கோரி நான் எழுதிய மேம்பாட்டு அறிக்கை அவர் கையில் இருந்தது. “இல்லண்ணே, அது ரிப்போர்ட்டுக்காக எழுதினது” என்றேன். அவருடைய கேள்வியைவிட என்னுடைய பதில்தான் இன்றும் உறுத்துகிறது. அறிக்கையில் இருப்பது உண்மையென்றால் அவரிடம் சொன்னது பொய். அவரிடம் சொன்னது உண்மையென்றால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்.

‘கட்டுப்பாட்டு அமைப்பு பாதுகாப்பற்றது’ என்று எழுதியிருந்தேன். ‘பழையது, உதிரிபாகங்கள் கிடைப்பதில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கலாம். முந்தைய இரண்டு அறிக்கைகளில் அப்படித்தான் எழுதினேன். இரண்டு முறையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டட நிர்வாகம் தள்ளிவைத்துவிட்டது.

மின்காந்த சுவிட்சுகளால் லிஃப்ட்டை இயக்கும் அந்த ரிலே பேனலை ஆபத்தானது என்பது, மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், அதற்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு தளத்தின் டோர் லாக், வேகம் மீறினால் திறக்கும் கவர்னர் சுவிட்ச், மேலும் கீழும் உள்ள கடைசி லிமிட் சுவிட்ச் எல்லாம் ஒரே வரிசையில் கோக்கப்பட்டவை; எங்கே ஒன்று திறந்தாலும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் விழுந்து, மோட்டாருக்கு மின்சாரம் அறுந்து, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பிரேக் பிடித்துவிடும். அதனால் அதன் பழுதுகளில் பெரும்பாலானவை லிஃப்ட்டை நிறுத்துகிற பழுதுகளே. இரண்டு தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களின் பதற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மாட்டிக்கொள்வதும் ஆபத்தும் ஒன்றல்ல. ரிலே இழுக்கும் சத்தம் சற்றே பிந்தினால் எந்த ரிலே என்று அந்த மூத்த மெக்கானிக் சொல்லிவிடுவார். இளைஞர்கள் அரத்தை எடுத்துக் கான்டாக்ட் முனையைத் தேய்க்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார்: “கருப்பா இருந்தா இருக்கட்டும், கரண்ட் போகும். நீ தேய்ச்சா வெள்ளிதான் போகும்.”

உண்மையான ஆபத்து பிரேக்கில் இருந்தது. பிரேக்கின் இரண்டு கைகளையும் விலக்குவது ஒரே பிளஞ்சர், அதாவது மின்காந்தம் நகர்த்தும் தண்டு. அது இறுகிக்கொண்டால் இரண்டு கைகளும் சேர்ந்தே பிடிக்காமல் போகலாம். கதவு திறந்திருக்க, ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது கார், அதாவது லிஃப்ட்டின் கூண்டு, நகரத் தொடங்கினால், பிடித்து நிறுத்த வேறொன்று கிடையாது. இப்படித் தானாக நகரும் காரை, நகர்வு தெரியவந்த தளத்திலிருந்து 1.20 மீட்டருக்குள் நிறுத்தியாக வேண்டும் என்று இஎன் 81-1 ஐரோப்பியத் தரநிலையின் ஏ3 திருத்தம் சொல்கிறது. 2012 முதல் அது புதிய லிஃப்ட்டுகளுக்குக் கட்டாயமானது. எங்களுடையது அதற்கு வெகுகாலம் முந்தையது.

அப்படியானால் பிரேக்கைப் பற்றி மட்டும் ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால் பிரேக்குக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கும். வளைத்தாலே உறை பொடிந்து உதிரும் வயர்களோடு பேனல் அப்படியே இருந்திருக்கும். இரண்டு வேக மோட்டார் சுமைக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக நிற்பது தொடர்ந்திருக்கும். நான் ஸ்கேல் வைத்து அளந்த நாளில், முழுச் சுமையோடு வந்த கார் தளத்திலிருந்து 35 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. இன்றைய இஎன் 81-20 அனுமதிப்பதோ மேலும் கீழும் 10 மில்லிமீட்டர். முதியவர் ஒருவர் தடுக்கி விழ அந்தப் படி போதும். தவிர, கதவு திறந்த நிலையில் நடக்கும் நகர்வைக் கண்டுகொள்ளாத பேனலைப் பாதுகாப்பற்றது என்பதில் என்ன பிழை? எதுவுமில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை எழுதும்போது இந்த நியாயம் எதுவும் என் மனத்தில் இல்லை. மூன்றாவது முறையும் தள்ளிப்போகக் கூடாது என்பது மட்டுமே இருந்தது. பிரேக்கை அதுவரை நான் அவிழ்த்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அனுமதி வந்தது. புதிய மைக்ரோபிராசசர் பேனலும் இன்வெர்ட்டர் ட்ரைவும் பொருத்தினோம். தனித்தனியாக இயங்கும் இரண்டு கைகள் கொண்ட பிரேக்கை மாட்டுவதற்காகப் பழையதை அவிழ்த்தபோது, ஒரு கை திரும்பும் அச்சான பிவட் பின்னில், நகத்தை ஓட்டினால் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கழுவித் துடைத்து மறுபடி கையைப் பொருத்தி அசைத்தேன். பாதி வழியில் ஒருமுறை தயங்கி, பிறகு வந்தது. மெக்கானிக் அப்போது கீழே, லிஃப்ட்டின் அடிக்குழியான பிட்டில் வேலையாக இருந்தார்.

நான் எழுதியது அன்றுதான் உண்மையாயிற்று. அவரிடம் சொன்ன ‘இல்லண்ணே’ என்பதும் அன்றே பொய்யாயிற்று. பின்னை ஒரு துணியில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டவில்லை. அது மரியாதையா கோழைத்தனமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதே மாடல் லிஃப்ட்டுகள் இன்னும் சில அவர் பொறுப்பில் இருந்ததால், அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. அந்த வகை பிரேக்குகள் அனைத்தையும் அவிழ்த்துப் பின்களைச் சோதிக்க வேண்டும் என்று அலுவலகத்தின் மூலம் பொதுவான ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்தேன்.

அவர் ஒவ்வொரு பிரேக்காக அவிழ்த்து, பின்னின் அளவைத் தன் கையெழுத்தில் குறித்து, தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சுற்றறிக்கை ஏன் வந்தது என்று அவர் கேட்கவே இல்லை.