வாய் திறந்த ஸ்டிக்கர்

3 ஜூன் 2025, செவ்வாய், வெள்ளவத்தை

தரம் 10 வகுப்பில் இன்று ஒருவன் வரவில்லை. போன கிழமை என் கணக்கு வகுப்பில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனவன். (காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் விஞ்ஞான ரியூஷன், அதற்குப் பிறகு நான். யாருக்குத்தான் தூக்கம் வராது?) யாரோ படம் எடுத்து, பின்னணியை வெட்டி, வட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். வாயோரத்து எச்சிலுக்கு நீல நிறம் வேறு. குட் நைட் சொல்வதற்கும் அவன் முகம்தான், ஹோம்வேர்க் முடிந்ததா என்ற கேள்விக்குப் பதிலும் அவன் முகம்தான். அவனுடைய அம்மா போன் எடுத்து, தம்பிக்கு வயிற்றுவலி என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்.

வகுப்பில் கேட்டேன். "தெரியாது மிஸ், எனக்கு வந்தது, அனுப்பினேன்." எல்லோருக்கும் வந்திருக்கிறது, எல்லோரும் அனுப்பியிருக்கிறார்கள். செய்தவன் என்று மட்டும் ஒருவனும் இல்லை.

5 ஜூன், வியாழன்

பெற்றோர் இருவர் ஒரே விளக்கத்தைச் சொன்னார்கள்: பெயர் தெரியாது என்ற துணிச்சலில் பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள். ஜோன் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் எழுதிய கட்டுரையிலும் அதுதான் முதல் காரணம். இணையத்தில் மனிதர் கட்டவிழ்ந்து நடப்பதற்கு அவர் ஆறு காரணங்கள் சொல்கிறார்.

ஆனால் எங்கள் வகுப்புக் குழுவில் எவன் மறைந்திருக்கிறான்? எல்லோருடைய நம்பரும் தெரியும், வீடும் தெரியும். எனக்குப் பொருத்தமாகப் படுவது அவருடைய இரண்டாவது காரணம்: எதிரில் இருப்பவரைக் காண முடியாமை. வகுப்பில் அவனைப் பார்த்துச் சிரித்திருந்தால் அவன் காது சிவந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவன் "சரி விடுங்கடா" என்றிருப்பான். போனில் அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளம் இரண்டு நீல டிக். அதில் கண்ணீர் தெரியாது. கீழே வரிசையாக மற்றவர்களின் சிரிப்பு முகங்கள் மட்டும் தெரிகின்றன.

7 ஜூன், சனி

வகுப்பு முடிந்ததும் ஒருவன் அப்பாவின் ஓட்டோவுக்காக வாசலில் நின்றான். வராதவனின் நெருங்கிய கூட்டாளி, இருவரும் ஒன்றாகத்தான் வருவார்கள்.

"நீயுமா அனுப்பினாய்?"

"பகிடிக்குத்தான் மிஸ்." கொஞ்சம் பொறுத்து, "சிரிக்கிற ஸ்மைலி போடாட்டி அடுத்த ஸ்டிக்கர் நான்தான்."

இதை எந்த உளவியலாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கூட்டாளிகள் பார்க்கும்போது, தனியே ஓட்டுவதைவிட எவ்வளவோ அதிகம் ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. வகுப்புக் குழுவில் கூட்டாளிகள் இராத்திரி பதினொரு மணிக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எது சரி, எது பிழை என்று தெரியாது என்பதை நான் நம்பவில்லை. சோதனைத்தாளில் கேட்டால் முழுப் புள்ளி எடுப்பார்கள். ஆள் மறைந்திருப்பதால் வரும் துணிச்சல் அல்ல இது, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பயம்.

10 ஜூன், போசன் போயா

எங்கள் குடும்பக் குழுவில் அத்தான் ஒரு சிசிடிவி வீடியோ போட்டிருக்கிறார். எங்கேயோ ஒரு வயசானவர் ஸ்கூட்டரோடு சாக்கடைக்குள் விழுகிறார். மேலே இரட்டை அம்புக்குறி, பலமுறை அனுப்பப்பட்டது என்று. கீழே மாமா, பெரியம்மா, கனடாச் சித்தி எல்லோரும் சிரிக்கிறார்கள். அவருக்கு அடிபட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் போனைப் பறிக்கச் சொல்லும் ஆட்களும் இவர்கள்தான்.

பின்னேரம் பையனின் அப்பா வந்தார். பொலிசுக்குப் போகப் போகிறாராம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் (ஒன்லைன்) காப்புச் சட்டம் இருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார வைத்தால் அவர்கள் படிப்பது, அடுத்த முறை எப்படி அகப்படாமல் செய்வது என்பதைத்தான். முதலில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுத்துக் கதையுங்கள் என்றேன். அரைமனதோடு நம்பரைக் குறித்துக்கொண்டார்.

14 ஜூன், சனி

வந்துவிட்டான். கூட்டாளி தள்ளி இருந்து இடம் கொடுத்தான், இருவரும் கதைக்கவில்லை. நான் நீதி போதிக்கவில்லை. ஒவ்வொருவராகப் போனை எடுத்து, ஆட்களின் முகம் உள்ள ஸ்டிக்கரை எனக்கு முன்னால் அழிக்கச் சொன்னேன். "மற்றவங்க போனில இருக்குமே மிஸ்" என்றாள் ஒருத்தி. உண்மைதான். இருந்தாலும் அழியுங்கள் என்றேன்.

அவனுடைய முறை வந்தது. அவன் போனிலும் ஒரு முகம், கண்ணாடி போட்ட சின்னப் பையன், தலையில் பூசணிக்காய்.

"இது யார்?"

"எங்கட ஸ்கூல்தான் மிஸ், தரம் 8. நான் செய்யல்ல, எனக்கு வந்தது."

சொல்லி முடித்ததும் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு அழித்தான். பிறகு மெதுவாக, "அவன்ட்ட சொறி சொல்லணுமா மிஸ்? வட்ஸ்அப்ல போடட்டா?"

"நேரில் சொல்."

முகத்தைச் சுளித்தான். மெசேஜ் என்றால் அந்த நிமிஷமே அனுப்பியிருப்பான்.