கோடைக்கு ஒருநாள் பாபநாசம்

சித்திரை வெயிலில் குற்றாலம் கிளம்புகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அங்கே சாரல் ஆனி, ஆடியில்தான். இப்போதைக்கு நெல்லையிலிருந்து ஒருநாளில் போய்வர பாபநாசம் அகத்தியர் அருவிதான் என் முதல் தேர்வு. கோடையிலும் தண்ணீர் விழும்.

காலையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசத்துக்குப் பேருந்து உண்டு. சேரன்மகாதேவி தாண்டியதும் ஜன்னலோரம் வயலும் பொதிகை மலையும்தான். அதற்காகவே நான் ரயிலைச் சொல்வேன்.

அருவி இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறைச் சாவடியில் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் வேண்டாம். சோப்பு, ஷாம்பு, எண்ணெயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூத்துக்குடி வரைக்கும் குடிப்பது இந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம், காரில் போகிறவர்கள் திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளமும், பத்தமடையில் கோரைப்பாயும் வாங்கலாம். நெய்கிறவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

வருகிற ஞாயிறு குடும்பத்தோடு கிளம்புகிறோம். கூட வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள், புளியோதரை சேர்த்துக் கட்டிவிடலாம்.